பண்டிகைக் காலைக்கு ஓவனில் ஏத்தம்பழம்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

குழித்துறையிலிருந்து:

கிறிஸ்துமஸ் காலை எங்கள் பக்கத்து வீடுகளில் எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்கும் தெரியும். நடுராத்திரிப் பூசை முடிந்து வீடு வந்து படுப்பதற்குள் மணி இரண்டாகிவிடும். விடிந்தால் ஆப்ப மாவு பொங்கிக் காத்திருக்கும், இறைச்சி வெந்தாக வேண்டும், ஆப்பமோ ஒவ்வொன்றாகத்தான் சுட முடியும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சுட்டவள் உட்காருவாள். ஆப்பமும் இறைச்சியும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது பத்து மணிக்கு மேல் நிதானமாக வரட்டும். முதலில் வயிற்றுக்குப் போவது மட்டும் முந்தின இரவே பாதி தயாராகி, ஓவனுக்குள் தானாக வெந்து, எல்லோர் தட்டுக்கும் ஒரே நேரத்தில் வரவேண்டும். அதற்கு எனக்குக் கிடைத்த வழி, ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்தான், எங்கள் பக்கம் ஏத்தன் என்போம்) அடுக்கி ஓவனில் வைக்கிற ஓட்ஸ்.

சொல்லிக் கொடுத்தது அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் எங்கள் மைனி. அங்கே பென்சில்வேனியா பக்கத்து ஆமிஷ் குடும்பங்களோடு சேர்த்துப் பேசப்படுகிற காலை உணவாம் இது. ஆப்பிள், புளூபெர்ரி என்று கையில் இருக்கிற பழத்தைப் போட்டு ஓட்ஸை ஓவனில் வைத்துவிடுவார்கள். லீவுக்கு வந்திருந்தபோது செய்து காட்டுகிறேன் என்றார். ஆப்பிள் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். திண்ணையில் கட்டித் தொங்கிய குலையைக் காட்டி, "இது தொங்கும்போ ஆப்பிள் எதுக்குப் பிள்ளே?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஓவனுக்கென்றே பிறந்த பழம் ஏத்தன். பாளையங்கோட்டானையோ ரசகதலியையோ சூட்டில் வைத்தால் குழைந்து காணாமல் போய்விடும். ஏத்தன் வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும், லேசான புளிப்பும் இருக்கும். ஆனால் பழுப்பம் முக்கியம். தோல் முழு மஞ்சளாக இருக்கும்போது வேண்டாம், உள்ளே மாவு இன்னும் சர்க்கரையாக மாறியிருக்காது. தோலில் கறுப்புத் திட்டுகள் படர்ந்து, விரலால் அமுக்கினால் கொஞ்சம் இளகிக் கொடுக்க வேண்டும். ஓணம் நெருங்கினால் மார்த்தாண்டம் சந்தையில் ஏத்தன் குலைக்கு விலை ஏறிவிடும். டிசம்பரில் அந்த நெருக்கடி இருக்காது.

மாவுக்குள் மசித்துப் போட மட்டிப்பழம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். விரல் நீளப் பழம்தான், வாசனை பெரியது. ரெண்டு பழம் மசித்தால் எசன்ஸ் எதுவும் தேவைப்படாது.

அளவு சொல்கிறேன், ஆறு பேருக்கு வரும். தட்டை ஓட்ஸ் 2 கப் (சுமார் 180 கிராம்), பால் ஒன்றே முக்கால் கப், முட்டை 2, பொடித்த கருப்பட்டி அரை கப், உருக்கிய நெய் 3 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி, ஏலக்காய் 4, நன்றாகப் பழுத்த ஏத்தம்பழம் 3. உடனே கரைகிற இன்ஸ்டன்ட் ஓட்ஸ் வேண்டாம், கூழாகிவிடும்.

ராத்திரி செய்கிற வேலை இவ்வளவுதான்: கருப்பட்டியைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூடான பாலில் வெல்லம் விழுந்தால் பால் திரியும் என்று தெரியும், கருப்பட்டிக்கும் அதே ஜாக்கிரதை. ஆறிய கரைசல், குளிர்ந்த பால், ஓட்ஸ், உப்பு, தட்டிய ஏலக்காய் எல்லாம் கலந்து மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். முட்டை, நெய், மசித்த மட்டி, பேக்கிங் பவுடர் நாலும் காலையில். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும், ராத்திரியே போட்டால் விடிவதற்குள் அதன் காற்றெல்லாம் போயிருக்கும்.

காலையில் நெய் தடவிய எட்டு அங்குலப் பாத்திரத்தில் ஊற்றி, ஏத்தம்பழத்தை நீளவாக்கில் கீறி, வெட்டிய பக்கம் மேலே தெரியும்படி அடுக்குங்கள். மேலே மார்த்தாண்டம் தேன் இரண்டு கரண்டி. 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். பழத்தின் ஓரங்கள் செம்பழுப்பாகி, தேன் நுரைத்து அந்த ஓரத்திலேயே ஒட்டிக் கெட்டியாகியிருக்கும். நடுவில் குத்திய கத்தி ஈரமில்லாமல் வந்தால் எடுத்துவிடலாம். பத்து நிமிடம் ஆறவிட்டால்தான் துண்டு போட வரும். ஒன்று மட்டும் கவனம்: மாவைக் கண்ணாடிப் பாத்திரத்திலேயே ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால், எடுத்த கையோடு சூடான ஓவனுக்குள் தள்ள வேண்டாம். கண்ணாடி விரிசல் விடும்.

மாவு ஓவனுக்குள் போனதும் நான் குளித்து, புதுச்சேலை கட்டி வந்துவிடுகிறேன். அந்த முக்கால் மணி நேரம் எங்கள் அம்மாவுக்கு எந்தக் கிறிஸ்துமஸ் காலையிலும் கிடைத்ததில்லை. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உங்கள் பக்கத்தில் பழத்தை இப்படிச் சுட்டுச் சாப்பிடுகிற வழக்கம் உண்டா? எங்கே, யாரிடம் சாப்பிட்டீர்கள்?

கூடலூரிலிருந்து:

அக்கா, ஓவனே இல்லாமல் நான் சாப்பிட்ட கதையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒரு பக்கம் இறங்கினால் நிலம்பூர், இன்னொரு பக்கம் வயநாடு. எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் மலப்புறத்திலிருந்து வந்த குடும்பம். அந்த வீட்டு இத்தாத்தா கையில்தான் காய்ப்போளா முதன்முதலில் சாப்பிட்டேன். நோன்பு திறக்கிற நேரத்துப் பலகாரம் என்று பலரும் நினைப்பார்கள். அவர் பெருநாள் காலையிலும் செய்வார், எங்களுக்கும் ஒரு தட்டு மதில் மேலாக வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டு அதிரசம் அதே மதிலைத் தாண்டிப் போகும்.

காய்ப்போளாவில் ஓட்ஸும் கிடையாது, மைதாவும் கிடையாது. மொத்தமும் பழமும் முட்டையும்தான். மூன்று நேந்திரம்பழத்தைப் பொடியாக நறுக்கி, நெய்யில் முந்திரி, திராட்சை வறுத்தெடுத்த பிறகு அதே நெய்யில் பழத்தைப் போட்டு நிறம் மாறும்வரை வதக்குவார். நாலைந்து முட்டையை நாலு கரண்டி சர்க்கரை, ஏலக்காயோடு நன்றாக அடித்து, ஒரு கரண்டி பால் பவுடரும் சேர்த்து, ஆறிய பழத்தை அதில் கலப்பார். சூட்டோடு பழத்தைக் கொட்டினால் முட்டை அங்கங்கே பொரியலாகிவிடும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். பிறகு அடி கனமான சட்டியில் ஊற்றி, தீயை முழுக்கக் குறைத்து, சட்டிக்கும் தீக்கும் நடுவே பழைய தோசைக்கல் ஒன்றை வைத்துவிடுவார். கல் இருந்தால் அடி பிடிக்காது. மூடி போட்டு இருபது நிமிடம், மேல்பக்கம் இறுகியதும் தட்டில் கவிழ்த்து மறுபக்கம் கொஞ்ச நேரம்.

அவர் உம்மா காலத்தில் கவிழ்க்கிற வேலையே இல்லையாம். மூடி மேல் கனலை அள்ளி வைத்துவிடுவார்களாம், மேலும் கீழும் ஒன்றாக வேகும். யோசித்துப் பார்த்தால் ஓவன் செய்வதும் அதுதானே! ஓவன் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம் என்பதற்காகத்தான் எழுதினேன். உங்கள் ஓட்ஸையும் இதே கல் வைத்த சட்டியில் செய்யலாம் என்று நினைக்கிறேன், பழத்தை மட்டும் அடியில் அடுக்க வேண்டும். கவிழ்த்தால் மேலே வந்துவிடும்.

குமுளி ரோட்டிலிருந்து, கம்பம்:

அக்கா, அன்னாசி போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். எங்களுக்குக் குமுளி வழியாக வருகிற அன்னாசி பெரும்பாலும் வாழக்குளம் பக்கத்துச் சரக்கு. மூவாற்றுப்புழைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர், அந்த அன்னாசிக்கு 2009இலேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. இனிப்பிலும் மணத்திலும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் பச்சையாக நறுக்கி ராத்திரியே பாலில் போட்டு வைக்காதீர்கள். அன்னாசியில் புரோமெலைன் என்று ஒரு நொதி இருக்கிறது. பாலின் புரதத்தை அது உடைத்துவிடும், காலையில் பால் கசக்கும், திரிந்தும் இருக்கும். நான் சமையல் வேலை பார்க்கிற தங்கும் விடுதியில் புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் சொல்லித் தருவதே இதுதான். பழத்தைக் கொஞ்சம் சர்க்கரையோடு வாணலியில் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும், பிறகு பாலோடு சேர்க்கலாம். பப்பாளிக்கும் இதே கதைதான்.

எங்கள் ஊர்ப் பழத்தையும் சொல்லாமல் விட முடியாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கும் 2023இல்தான் குறியீடு வந்தது. வருஷத்தில் ஒரே ஒரு சீசன் என்றில்லாமல் மாறி மாறி வெட்டு நடக்கும், அதனால் பொங்கலுக்கும் கிடைக்கும். விதை இருப்பதால் முழுசாகப் போட்டால் வாயில் தட்டும். அரை கிலோ பழத்தை ஒரு கை தண்ணீரில் வேகவிட்டு, மத்தால் மசித்து, சல்லடையில் தேய்த்து எடுங்கள். தோலின் சாயம் முழுக்க இறங்கிக் கருநீலமாக வரும். சர்க்கரை போட்டு, கரண்டியில் ஒட்டுகிற பதத்துக்குச் சுண்டவிட்டு, வெந்த ஓட்ஸ் மேல் ஊற்றினால் விடுதிக்கு வருகிறவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறார்கள்.

ஏலக்காய் போடி பக்கம் வாங்கினால் பச்சை மாறாத காய் பார்த்து வாங்குங்கள். பொடியாக விற்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து, பாலக்காடு:

எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை, ஓவனும் கிடையாது. ஆனாலும் விஷுக் காலையில் இதை ஒத்த ஒன்று கட்டாயம் உண்டு. முதல் நாள் ராத்திரி உருளியில் கணி வைப்போம். வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, தேங்காய், கண்ணாடி, அதோடு மாம்பழமும் வாழைப்பழமும். விடிந்ததும் கணி கண்டு, பெரியவர்கள் தருகிற கைநீட்டக் காசு வாங்கிய கையோடு பாட்டி அந்தப் பழங்களைத் தனியே எடுத்துவிடுவார். பக்கத்தில் முதலமடை இருப்பதால் மாம்பழத்துக்கு எங்களுக்குப் பஞ்சமே இல்லை, மற்ற இடங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்துவிடும்.

ஓட்ஸ் நான் கொண்டுவந்தது. அதற்கு முன் பாட்டி அவலில்தான் செய்தார், அது இன்னும் ருசி என்பது என் கட்சி. கெட்டி அவல் இரண்டு கப், இரண்டாம் தேங்காய்ப்பால் ஒன்றரை கப், வெல்லப்பாகு, சுக்கு, ஏலக்காய், மசித்த பழம் இரண்டு, கோதுமை மாவு மூன்று கரண்டி. முட்டையின் வேலையை மாவும் மசித்த பழமும் பார்த்துக்கொள்ளும். மேலே மாம்பழத் துண்டுகள். மாம்பழம் தண்ணீர் விடும், அதனால் ஐம்பது நிமிடம் வரை போகும், அவசரப்படக் கூடாது.

குக்கரில் வைப்பது இப்படி: கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிடுங்கள். அடியில் உப்பை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் வெறுமனே சூடாக்குங்கள். பிறகு பாத்திரத்தை உள்ளே வைத்துத் தீயைக் குறைத்துவிடுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, ஊற்றினால் புட்டிங்தான் வரும். குக்கரில் மேல்பக்கம் சிவக்காது. அதற்குப் பாட்டி ஒரு வழி வைத்திருக்கிறார். தேங்காய்த் துருவலை நெய்யில் தனியே பொன்னிறமாக வறுத்து, வெல்லம் சிறிது சேர்த்து மேலே தூவுவார். கடிக்கும்போது மொறுமொறுப்பு, அதற்குக் கீழே சூடான மாம்பழம்.

குழித்துறையிலிருந்து:

கொல்லங்கோட்டுக்காரரே, அவல் எனக்குத் தோன்றவே இல்லை. ஓணத்துக்கு எங்கள் மாவட்டத்திலும் லீவு உண்டு, அன்றைக்கு அவலில்தான் செய்யப் போகிறேன், தேங்காய்த் துருவலோடு. கம்பம் தம்பி, விடுதியில் வேலை பார்க்கிறவர் கையால் அன்னாசி விஷயம் தெரிந்துகொண்டதில் ரொம்பச் சந்தோஷம்.

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார், அப்பாவுக்குச் சர்க்கரை, அவருக்குக் கொடுக்கலாமா என்று. ஓட்ஸ் என்ற பேருக்காக ஏமாற வேண்டாம். கறுப்பு விழுந்த ஏத்தன், மட்டி, கருப்பட்டி, தேன் எல்லாமே இனிப்புத்தான், கருப்பட்டி என்பதால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. எங்கள் மாமாவுக்கு நான் தனிக் கிண்ணத்தில் வைப்பேன். கருப்பட்டியும் தேனும் கிடையாது, அவ்வளவு பழுக்காத ஏத்தன் பாதி, ஒரு முட்டை கூடுதல், பட்டைத்தூள், ஒரு பிடி நறுக்கிய முந்திரி. அதே ஓவனில் பக்கத்திலேயே வெந்துவிடும், எல்லோரோடும் சேர்ந்து அவரும் சூடாகச் சாப்பிடுவார். அளவை மட்டும் அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீந்தால் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் நன்றாக இருக்கும். மறுநாள் துண்டை அப்படியே தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் முறுக விடுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதல் நாளைவிட இதற்குத்தான் சண்டை போடுகிறார்கள், அதனால் இப்போதெல்லாம் பெரிய பாத்திரமாகவே வைக்கிறேன்.