பதில்: உட்செவி ஊடுவழி – செவிநரம்புக் கட்டி அறுவைக்கான சொற்கள்

> டிரான்ஸ்லாபிரிந்தைன் அப்ரோச் = புதிர்வழி ஊடான அணுகுமுறை. சரியா?

ஐயா, செவிநரம்புக் கட்டியை அகற்றும் அறுவை வழிகளுக்கு, அகராதியில் சேர்க்க நீங்கள் முன்வைத்த தமிழ்ச் சொற்களைப் பார்த்தேன். 'அணுகுமுறை' வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு சிக்கலைக் கையாளும் விதத்தைத்தான் அணுகுமுறை என்கிறோம். இங்கே பேச்சு, மண்டையோட்டில் எந்தப் பக்கமாக நுழைந்து கட்டியை எட்டுவது என்பது. அது வழி. அப்படியே சொல்லிவிடலாம்.

'புதிர்' என்றதும் நமக்கு விடுகதைதான் நினைவுக்கு வரும். 'லாபிரிந்த்' என்ற மூலச்சொல் சுட்டுவது உட்செவியின் வளைந்து நெளிந்த அமைப்பை. 'உட்செவி' பள்ளிப் பாடத்திலேயே வந்த சொல். அதைத் துளைத்துப் போவதால் 'உட்செவி ஊடுவழி'. இதில் உடலின் சமநிலையை உணரும் மூன்று அரைவட்டக் குழல்களையும் துளைத்து அகற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். ஒலியை உணரும் பகுதியான செவிச்சுருளைத் துளைக்காவிட்டாலும் அந்தக் காதின் கேட்கும் திறன் முழுவதும் போய்விடும். பதிலுக்குச் சிறுமூளையை அதிகம் ஒதுக்க வேண்டியதில்லை, முகநரம்பையும் முன்கூட்டியே அடையாளம் காணலாம். 1960களில் அமெரிக்கக் காது அறுவை மருத்துவர் வில்லியம் ஹவுஸ் நுண்ணோக்கியின் துணையோடு இந்த வழிக்கு மறுவாழ்வு கொடுத்தார். செவிச்சுருளையும் துளைத்துப் போகும் வழி ஒன்று தனியாக உண்டு. அதற்குச் 'செவிச்சுருள் ஊடுவழி' என்று இதே அச்சில் சொல் கிடைத்துவிடுகிறது.

> ரெட்ரோசிக்மாய்டு = செவிப்பின் வழி

இது எனக்கு மிகவும் நெருடுகிறது. உட்செவி ஊடுவழியிலும் தோலைக் கீறுவது காதுக்குப் பின்னால்தான்! ஒப்புதல் படிவத்தில் 'செவிப்பின் வழி' என்று பார்க்கும் நோயாளிக்கு இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? ஒன்றில் அந்தக் காது கேட்காமல் போவது உறுதி, மற்றதில் காப்பாற்ற வாய்ப்புண்டு. தழும்பு இருக்கும் இடத்தை வைத்துப் பெயர் சூட்டினால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். குறுக்காக வரும் பெருஞ்சிரை, எஸ் எழுத்துப்போல் வளைந்து கழுத்துக்கு இறங்கும் இடம்தான் சிக்மாய்டு. அதை 'வளைசிரை' என்றால், அதற்குப் பின்னால் மண்டையோட்டைத் திறப்பது 'வளைசிரைப் பின்வழி'.

மிடில் ஃபோசா அப்ரோச் என்பதற்கு நீங்கள் தந்த 'நடுக்குழி வழி' நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம். காதுக்கு மேலே திறந்து, மூளையைச் சற்றே உயர்த்தி, செவிநரம்பு வரும் எலும்புக் குழாயின் கூரையை எடுப்பது அது. சிறிய கட்டிகளுக்கு ஏற்றது.

அப்புறம், கட்டியின் பெயர். இது பெரும்பாலும் கேள்நரம்பில் தோன்றுவதில்லை. பக்கத்தில் ஓடும் சமநிலை நரம்பின் உறைச் செல்களில்தான் தோன்றுகிறது. ஆகவே அகராதியில் 'சமநிலை நரம்பு உறைக்கட்டி' என்பதே தலைச்சொல்லாக இருக்கட்டும். 'செவிநரம்புக் கட்டி'யையும் உடன் தர வேண்டும், நோயாளிகள் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள்.

'வளைசிரை'க்கு இணையாக உடற்கூறு கற்பிப்போர் வேறு சொல் வைத்திருந்தால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்