கீபோர்ட் மாற்றிய அன்றே பற்றரியைக் காணோம்: வீட்டிலேயே சரிசெய்த அனுபவம்

வெள்ளவத்தையில் இருக்கிறேன். போன மாதம் லப்டொப் கீபோர்டை மாற்ற ஒரு தம்பி வீட்டுக்கே வந்து, ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டுப் போனார். பின்னேரம் சார்ஜரைக் கழற்றியதும் திரை பட்டென்று அணைந்தது. திரும்பச் செருகினால், பற்றரியே இல்லை என்கிறது விண்டோஸ். போன் எடுத்தேன். "பற்றரி செத்துப்போச்சு அண்ணா, புதுசு போட 18,000 வரும்" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்று காலையில் மூன்று மணித்தியாலம் தாக்குப்பிடித்த பற்றரி அது. தேய்ந்த பற்றரி சீக்கிரம் இறங்கும், ஆனால் பெரும்பாலும் இருப்பதாகவாவது காட்டும். பற்றரிக்குள் இருக்கும் சின்ன சர்க்கிட்தான் மெல்லிய வயர்கள் வழியாக மதர்போர்டுக்குத் தன் நிலையைச் சொல்கிறது. என் மொடலில் கீபோர்டுக்குப் போக முதலில் பற்றரி கனெக்டரைக் கழற்ற வேண்டும். அப்போ சந்தேகம் அங்கேதான்.

லப்டொப்பை ஓஃப் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 20 செக்கன் அழுத்திப் பிடித்தேன். தாளில் படம் கீறி, ஸ்குரூக்களை அந்தந்த இடத்திலேயே வைத்தேன். இதில் சோம்பல்படாதீர்கள். நீளமான ஸ்குரூ கட்டை ஸ்குரூவின் ஓட்டைக்குள் போனால் போர்டையே குத்திவிடும். பழைய பாங்க் கார்ட்டை விளிம்பில் விட்டு மூடியை நெம்பினேன். கனெக்டர் ஒரு பக்கம் மட்டும் தூக்கி நின்றது, ஒரு மில்லிமீட்டர்கூட இராது. கழற்றி, நேராக வைத்து, இரண்டு பக்கமும் நகத்தால் அழுத்தினேன். சார்ஜரைப் போட்டதும் லைட் எரிந்தது. அப்புறம் விண்டோஸில் பற்றரி ரிப்போர்ட் எடுத்தேன்: முழுச் சார்ஜில் பற்றரி கொள்ளும் அளவு புதிதில் 41,040 மில்லிவாட் மணி, இப்போது 34,200. செத்த பற்றரியா இது?

மூடியைத் திறந்ததும் பற்றரி உப்பியிருந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அழுத்தவும் வேண்டாம், நெம்பவும் வேண்டாம். தீப்பிடிக்கும்.

பதில், கொட்டாஞ்சேனையிலிருந்து:

எனக்கும் திருத்த வேலைக்குப் பிறகுதான். ஆனால் பற்றரி தெரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. சார்ஜர் முனையின் நடுவில் மெல்லிய ஊசி இருக்கும் வகை என்னுடையது. சார்ஜர் எத்தனை வாட் என்பதை லப்டொப் அந்த ஊசி வழியாகத்தான் அறியும். அது தெரியாவிட்டால் லப்டொப் ஓடும், பற்றரி ஏறாது. வந்தவர் மேசையை நகர்த்தியபோது ஊசி வளைந்திருக்கிறது. தங்கச்சியின் சார்ஜரைச் செருகினேன், உடனே ஏறத் தொடங்கியது. மூடியைத் திறக்கவே தேவைப்படவில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய் சார்ஜர் மட்டும் வாங்கினேன்.