விரல் வீங்கினால் முதுகெலும்பையும் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்க

பையனுக்கு அஞ்சு வயசுல விரல் கணுவெல்லாம் தடிக்க ஆரம்பிச்சுது. குழந்தைகளுக்கு வர்ற மூட்டுவாதம்னு அதுக்கான மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை கொடுத்தாங்க. ஆனா உடம்புல அழற்சி இருக்கான்னு பார்க்கிற ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை எப்பப் பார்த்தாலும் நார்மல். தொட்டா சூடு இல்ல, சிவப்பு இல்ல, கணு எலும்பாட்டம் கெட்டி. கேட்டா, "சில பேருக்கு அப்படித்தான்ம்மா".

வேற ஆஸ்பத்திரியில எலும்பு டாக்டர், முதுகெலும்பைப் பக்கவாட்டுல படம் எடுக்கச் சொன்னார். கை வலிக்கு முதுகு எதுக்குன்னு என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். படத்தை லைட்டுல மாட்டிக் காமிச்சாங்க. செங்கல் அடுக்கின மாதிரி இருக்க வேண்டிய முள்ளெலும்பு எல்லாம் தட்டையா, முன்பக்கம் கூம்பிக் கிடந்தது. கைப் படத்துல எலும்பு முனை அகலம், ஆனா மூட்டுவாதத்துல வர்ற மாதிரி எலும்பு அரிச்சுப்போன தடம் எங்கயும் இல்ல. பி.பி.ஆர்.டி., அதாவது ப்ரோக்ரெசிவ் சூடோருமட்டாய்டு டிஸ்ப்ளேசியா, மூட்டுவாதம் மாதிரியே தெரியுற, பரம்பரையா வர்ற எலும்பு வளர்ச்சிக் கோளாறு. சி.சி.என்.6 ஜீன் டெஸ்ட்டும் அதையே சொல்லிச்சு. நாங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்க, பழுதான ஜீன் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு. அடுத்த குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. நோய்க்கு மருந்து இல்ல, பிசியோதான். வேண்டாத மாத்திரை நின்னுச்சே, அதுவே பெரிசு.

— — —

அக்கா, நான் எக்ஸ்ரே எடுக்கிற ஆளு. மண்டை, நெஞ்சு, முதுகு, இடுப்பு, கை, கால்னு சீட்டுல எழுதி வந்தா, கதிர்வீச்சுக்குப் பயந்து பாதியிலேயே குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடறாங்க. எந்தெந்த எலும்பு சேர்ந்து மாறியிருக்குங்கிறதை வச்சுத்தான் இந்த மாதிரி எலும்பு நோய்களைப் பிரிச்சுச் சொல்றாங்க, ஒத்தைப் படம் பத்தாது. இன்னொண்ணு, எலும்பு முனையில நீளம் வளர்ற இடமான வளர்ச்சித் தட்டு மூடிட்டா பல அடையாளம் மறைஞ்சிடும். சின்ன வயசுப் படத்தை வெள்ளிக்காக ஃபிலிம் வாங்க வர்றவங்ககிட்ட எடைக்குப் போட்டுடாதீங்க.

— — —

எங்க பாப்பாவுக்கு அகாண்ட்ரோப்ளேசியா, கை கால் குட்டையா உயரம் குறைவா இருக்கிற எலும்பு வளர்ச்சிக் கோளாறு. நாங்க ரெண்டு பேரும் சராசரி உயரம்தான். யார் வழியில வந்துச்சுன்னு வீட்டுல ஒரே பேச்சு. டாக்டர் கீழ்முதுகுப் படத்துல ஸ்கேல் வச்சார்: ஒவ்வொரு முள்ளெலும்புலயும் இடமும் வலமும் இருக்கிற குட்டித் தூண்களுக்கு நடுவுல இடைவெளி கீழே போகப் போக அகலணுமாம், இவளுக்குக் குறுகிட்டே வருது. எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 ஜீன்ல புதுசா வந்த மாற்றம், 80 சதவீதம் பேருக்கு அப்படித்தான்னார். அத்தை அப்புறம் வாயே திறக்கல. இப்ப மண்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல உள்ள துவாரம் சின்னதா இருக்கான்னு பார்க்க எம்.ஆர்.ஐ. எழுதியிருக்காங்க. தண்டுவடம் அமுங்குறது எக்ஸ்ரேயில தெரியாதாம். ராத்திரி அவ மூச்சு விடறதையும் கவனிக்கச் சொல்லியிருக்காங்க.