மார்ட்டின் பால்சம்: எந்தப் படம் போட்டாலும் வர்ற இந்த ஆளு பத்தி

ராத்திரிஷோ:
கொஞ்ச நாளா பழைய ஹாலிவுட் படமா பார்த்துட்டிருக்கேன். சைக்கோல படிக்கட்டுல கத்திக்குத்து வாங்கி விழுவாரே அந்த டிடெக்டிவ், அதே ஆளு 12 ஆங்ரி மென்ல ஜூரி தலைவரா உட்கார்ந்திருக்காரு, நேத்து ஆல் த பிரசிடென்ட்ஸ் மென் போட்டா வாஷிங்டன் போஸ்ட் ஆபீஸ்லயும் நிக்கிறாரு. இவரைப் பத்தி ஏன் யாருமே பேசுறதில்ல? ஹீரோவாவே நடிச்சதில்லையா? அடுத்து எதைப் பார்க்கலாம்?

மூணாவதுவரிசை:
குணச்சித்திர நடிகர் தலையெழுத்து அது, முகம் மறக்காது, பேரு வாயில வராது. 1919ல நியூயார்க் பிராங்க்ஸ்ல பொறந்தவர், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஆக்டர்ஸ் ஸ்டூடியோங்கிற நடிப்புப் பட்டறையில சேர்ந்து நாடகம் டிவின்னு சுத்தி வந்தாரு. சினிமாவுல ஹீரோ ஆகலயே தவிர மேடையில கதை வேற, 1968ல டோனி விருது (அமெரிக்க நாடகத்துக்கான பெரிய விருது) வாங்கினப்ப அது சிறந்த நடிகருக்கு, துணை நடிகருக்கு இல்ல. ஆஸ்கர் 1965ல வந்த எ தவுசண்ட் க்ளவுன்ஸுக்கு. அதுல வேலைவெட்டி வேணாம்னு திரியற ஹீரோவோட கூடப்பிறந்தவரா வர்றாரு, ஊரோட ஒத்துப்போய் பொழைக்கிற ஆளு, அதுக்காக நான் ஏன் வெக்கப்படணும்னு ஒரு இடத்துல பேசுவாரு பாருங்க, அதுவரைக்கும் ஹீரோ பக்கம் இருந்த நாம டக்குனு இந்தப் பக்கம் வந்துடுவோம்.

கட்_ஆக்‌ஷன்:
சைக்கோ படிக்கட்டுல அவர் உண்மையா விழவே இல்ல தெரியுமா. ஹிட்ச்காக் முதல்ல வெறும் படிக்கட்டை மேலருந்து கீழ கேமராவை இறக்கி எடுத்துட்டாரு. அப்புறம் அதைப் பின்னாடி திரையில ஓடவிட்டு, முன்னாடி ஒரு நாற்காலியில பால்சமை உட்காரவச்சு கையை மட்டும் காத்துல துழாவச் சொன்னாரு. உட்கார்ந்த இடத்துலயே விழுந்த மனுஷன் 😄

மூணாவதுவரிசை:
ஆனா சைக்கோ அவரோட பெஸ்ட் இல்லங்க. 12 ஆங்ரி மென்ல மழை பெய்யறப்ப ஜன்னலோரமா நின்னு, தான் கோச்சா இருக்கிற பள்ளிக்கூடத்து ஃபுட்பால் மேட்ச் மழையில கெட்டுப்போன கதையை இன்னொரு ஜூரியா வர்ற ஹென்றி ஃபோண்டாகிட்ட சொல்லுவாரே, வழக்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா அந்த ஆளு யாருன்னு அதுலயே புரிஞ்சிடும்.

ராத்திரிஷோ:
அந்த சீனை கவனிக்காமலே விட்டிருக்கேன், திரும்பப் போடணும். சரி, ஒரே ஒரு படம் சொல்லுங்க.

சப்வே74:
த டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ, 1974ல வந்தது, கண்ணை மூடிட்டு பாருங்க (அதாவது தொறந்துட்டு). நியூயார்க் சப்வே ரயிலைக் கடத்துற நாலு பேர்ல இவரு வேலை போன ட்ரைவர், படம் பூரா ஜலதோஷம், தும்மிட்டே இருப்பாரு. அந்தத் தும்மலை ஏன் வச்சாங்கன்னு சொன்னா ஸ்பாயிலர்.
இன்னொண்ணு, 2001 ஸ்பேஸ் ஒடிசி படத்துல ஹால்ங்கிற பேசுற கம்ப்யூட்டருக்கு முதல்ல குரல் குடுத்ததே பால்சம்தான். டைரக்டர் குப்ரிக் அதைத் தூக்கிட்டு கனடா நடிகர் டக்ளஸ் ரெய்னைப் போட்டாரு, பால்சம் குரல் ரொம்ப அமெரிக்கத்தனமா இருக்காம். பிராங்க்ஸ்காரர் வேற எப்படிப் பேசுவாரு?

மூணாவதுவரிசை:
பெல்ஹாமுக்கு என் ஓட்டும். பார்த்து முடிச்சதும் ரெண்டு கேப் ஃபியரும் பாருங்க, 1962ல போலீஸ் சீஃப், 1991 ரீமேக்ல ஜட்ஜ், ரெண்டுலயும் இவரேதான்.