மகரந்தம் வெள்ளையா மஞ்சளா: பேல் பர்ப்பிள் கோன்ஃபிளவரும் கிளேடு கோன்ஃபிளவரும்

ஓசார்க்_ஓரம்:

வணக்கம். மிசௌரியில், செயின்ட் லூயிஸுக்குத் தென்மேற்கே ஓசார்க் மேடு தொடங்கும் பக்கம் இருக்கிறோம். பின்புறப் புல்தரையை எடுத்துவிட்டு இந்த மண்ணுக்கே உரிய செடிகளாக வைத்துக்கொண்டு வருகிறேன். பேல் பர்ப்பிள் கோன்ஃபிளவர், அதாவது எக்கினேசியா பாலிடா என்று சீட்டு கட்டி விற்ற செடிகளை வேறு வேறு இடங்களில் வாங்கி நட்டேன். இந்த ஜூனில் எல்லாம் பூத்திருக்கின்றன, பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன: நீளமான ஒடுங்கிய இளஞ்சிவப்பு இதழ்கள் கீழே தொங்குகின்றன, இலை ஈட்டி மாதிரி நீண்டு சொரசொரவென்று இருக்கிறது, தண்டில் கிளையே இல்லை. ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால் சிலவற்றில் மகரந்தம் வெள்ளை, சிலவற்றில் நல்ல மஞ்சள்.

இது ஒரே இனத்துக்குள் வரும் வேறுபாடா, இல்லை மஞ்சள் மகரந்தம் உள்ளது கிளேடு கோன்ஃபிளவர் என்கிற எக்கினேசியா சிமுலாட்டாவா? இலையிலோ தண்டிலோ வேறு ஏதாவது அடையாளம் இருக்கிறதா?

இன்னொன்று, இதழ் தொங்குகிற மஞ்சள் பூச்செடி ஒன்று இடுப்புக்கு மேல் வளர்ந்து நிற்கிறது, அதையும் கோன்ஃபிளவர் என்றுதான் கொடுத்தார்கள். அதுவும் இந்தக் குடும்பமா? இலையுதிர் காலத்தில் விதை எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுக்க ஆசை. தப்பான பெயரில் கொடுக்க மனம் வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

பிரெய்ரிவாசி:

நீங்கள் பார்க்க வேண்டியதைத்தான் பார்த்திருக்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நம்பகமான வேறுபாடு மகரந்தத்தின் நிறம் ஒன்றுதான். பாலிடாவுக்குப் பெரும்பாலும் வெள்ளை, சிமுலாட்டாவுக்குப் பெரும்பாலும் மஞ்சள். "பெரும்பாலும்" என்பதைக் கவனியுங்கள், ஒரே ஒரு பூவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஒரு செடியில் நாலைந்து பூவாவது பாருங்கள்.

எப்போது பார்க்கிறோம் என்பதும் முக்கியம். நடுவில் இருக்கும் கூம்பில் சின்னச் சின்னப் பூக்கள் அடியிலிருந்து மேலாக வட்டம் வட்டமாகத் திறந்துகொண்டே போகும், அன்று திறந்த வட்டத்தில்தான் புது மகரந்தம் இருக்கும். காலையிலேயே, தேனீ வந்து வழித்துக்கொண்டு போவதற்குள் பாருங்கள். மழை பெய்த மறுநாள் பார்ப்பது வீண். கூம்பில் முட்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை செதில்கள், அவற்றின் நுனியில் இருக்கும் ஆரஞ்சு நிறத்தை மகரந்தம் என்று நினைத்துவிடாதீர்கள், புதிதாகப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர் தடுமாறுவது அங்கேதான். ஒரு கறுப்புத் துணியிலோ நகத்திலோ லேசாகத் தட்டிப் பார்த்தால் நிறம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

வெளியே நிறத்தில் தெரிகிற வேறுபாடு உள்ளேயும் இருக்கிறது. சிமுலாட்டாவுக்கு குரோமோசோம் 22, பாலிடாவுக்கு அதைப் போல இரண்டு மடங்கு, 44. அதனால் பாலிடாவின் மகரந்தத் துகள் கொஞ்சம் பெரிது, மைக்ரோஸ்கோப் கிடைத்தால் அளந்தே சொல்லிவிடலாம். 1968-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் மெக்ரிகர் எக்கினேசியா பேரினத்தை முழுசாக ஆராய்ந்து எழுதியபோதுதான் சிமுலாட்டாவைத் தனி இனமாகப் பிரித்தார். ஆகவே அதற்கு முந்தைய பழைய குறிப்புகளில் பாலிடா என்று எழுதியிருந்தால் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

இலை, உயரம், இதழ் நீளம் இவற்றை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முயலாதீர்கள். இரண்டிலும் ஒன்றோடொன்று கலந்துதான் வரும், ஈரமும் வெயிலும் மாறினால் ஒரே செடியே அடுத்த வருஷம் வேறு மாதிரி நிற்கும். அதைவிட, அந்தச் செடியின் விதை எந்த இடத்திலிருந்து வந்தது என்று விற்றவரிடம் கேளுங்கள். சிமுலாட்டா ஓசார்க்கின் கிழக்குப் பகுதியில், டோலமைட் என்கிற சுண்ணாம்பு வகைப் பாறை மேல் மெல்லிசாக மண் படிந்த கிளேடு வெளிகளில் வளர்வது. பாலிடா மிசௌரியின் மேற்கிலும் வடக்கிலும் ஆழமான மண் உள்ள பிரெய்ரி புல்வெளிச் செடி. உங்கள் பக்கத்துக் காட்டு விதை என்றால் மஞ்சள் மகரந்தம் வருவதில் ஆச்சரியமே இல்லை.

விசிட்டா_வேலி:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் எங்கள் கன்சாஸ் பக்கம் மஞ்சள் மகரந்தம் என்றாலே முதலில் நினைவுக்கு வருவது எக்கினேசியா அங்குஸ்டிஃபோலியா என்கிற இன்னொரு இனம்தான். விதைப் பொட்டலங்களில் இதுவும் பாலிடாவும் மாறி மாறி வருவதைப் பார்த்திருக்கிறேன். வேறுபாடு தெளிவு: அங்குஸ்டிஃபோலியா குள்ளம், பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது. இதழ் ஒன்றரை சென்டிமீட்டரிலிருந்து நாலு வரைதான். பாலிடாவில் நாலுக்கு மேல் ஒன்பது வரை போகும், அதனால்தான் அது ரிப்பன் மாதிரி தொங்குகிறது. அங்குஸ்டிஃபோலியாவில் இதழ் குட்டை என்பதால் கொஞ்சம் விறைப்பாகவே நிற்கும். தண்டையும் இலையையும் தடவினால் முரட்டு முடி கையைக் கீறும்.

ஆனால் கன்சாஸின் கிழக்கில் பாலிடாவும் இதுவும் சந்திக்கிற இடங்களில் நடுவாந்திரமான செடிகள் இருக்கின்றன, அவற்றுக்குக் கட்டாயப்படுத்தி ஒரு பெயர் வைக்காதீர்கள். 2002-ல் பின்ஸ், பாம், ஆர்னாசன் என்ற மூன்று ஆய்வாளர்களும் செய்த மறு ஆய்வில் மொத்தப் பேரினத்தையே நாலு இனமாகச் சுருக்கி, அங்குஸ்டிஃபோலியா, சிமுலாட்டா எல்லாவற்றையும் பாலிடாவின் வகைகள் என்று போட்டுவிட்டார்கள். 2006-ல் வந்த வட அமெரிக்கத் தாவரத் தொகுப்பு அதை ஏற்காமல் ஒன்பது இனங்களையே வைத்திருக்கிறது. நான் ஒன்பது பக்கம்தான். பிரெய்ரியில் வளர்வதையும் பாறை மேல் வளர்வதையும் ஒரே பெயரில் விற்றால், நட்டவர் தோட்டத்தில் அது சாகும்போது ஏன் என்று யாருக்கும் தெரியாது.

சோம்புவாசம்:

உங்கள் மஞ்சள் பூவுக்கு வருகிறேன். இலையைப் பாருங்கள். இலை ஐந்து ஏழு துண்டுகளாக ஆழமாகப் பிளந்திருக்கிறதா? நடுவில் உள்ள சின்ன மண்டை முதலில் சாம்பல் பச்சையாக இருந்து பிறகு பழுப்பாகிறதா? அந்த மண்டையைக் கசக்கி முகர்ந்தால் சோம்பு வாசம் வருகிறதா? அப்படியென்றால் அது ரட்டிபிடா பின்னாட்டா, எக்கினேசியாவே இல்லை. பெயரில் கோன்ஃபிளவர் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ருட்பெக்கியா செடிகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உள்ளங்கையை மெதுவாகக் கூம்பின் மேல் வையுங்கள்: எக்கினேசியா என்றால் குத்தும், மற்ற இரண்டும் குத்தாது.

எக்கினேசியாவிலேயே மஞ்சள் இதழ் உள்ளதும் உண்டு, பாரடாக்ஸா. மிசௌரி, ஆர்கன்சா ஓசார்க் பகுதிதான் அதற்குச் சொந்த ஊர். அதன் இலை நீளமாக, அதிகம் முடி இல்லாமல் வழவழப்பாக இருக்கும், கூம்பு கறுப்பு கலந்த பழுப்பு. இப்போது நர்சரிகளில் வரும் ஆரஞ்சு நிறக் கலப்பினங்கள் பல அதையும் பர்ப்பூரியா என்கிற எக்கினேசியா இனத்தையும் சேர்த்து உண்டாக்கியவைதான்.

பர்ப்பூரியா உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன், இலை அகலமாக ஓரம் பல் பல்லாக இருந்தால் அதுதான், அதற்குச் சல்லிவேர், மற்றவற்றுக்கு ஆணிவேர். ஆனால் தயவுசெய்து வேரைப் பார்ப்பதற்காகத் தோண்டாதீர்கள். ஆணிவேர் அறுந்த பாலிடா திரும்பத் தேறுவது கஷ்டம். மருந்துக்கு வேர் வேண்டும் என்று காட்டுச் செடிகளை ஏற்கெனவே நிறையத் தோண்டி எடுத்துவிட்டார்கள்.

ஓசார்க்_ஓரம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மஞ்சள் பூ ரட்டிபிடாவேதான், இலை பிளந்திருக்கிறது, சோம்பு வாசமும் தூக்கலாக வருகிறது. இன்று காலை ஏழு மணிக்கே போய்க் கறுப்புத் துணியில் தட்டிப் பார்த்தேன். வேலியோரச் செடிகள் எல்லாப் பூவிலும் வெள்ளை. பாறைக்குப் பக்கத்தில் வைத்தவை எல்லாப் பூவிலும் மஞ்சள், இதழோ ஆறேழு சென்டிமீட்டர் நீளம், அதனால் அங்குஸ்டிஃபோலியா இல்லை. விற்றவரைக் கேட்டதில் மஞ்சளுக்கான விதை ஜெஃபர்சன் கவுண்டியில் ஒருவருடைய சொந்த நிலத்துக் கிளேடிலிருந்து அவர் அனுமதியோடு எடுத்தது என்கிறார். சீட்டில் மட்டும் பாலிடா என்று எழுதிவிட்டாராம்.

அப்படியென்றால் விதை எடுக்கலாமா? இரண்டுக்கும் நடுவே பத்தடிதான் இடைவெளி.

பிரெய்ரிவாசி:

அப்போது சந்தேகமில்லை, பாறைப் பக்கத்தது சிமுலாட்டாதான், சீட்டை மாற்றிவிடுங்கள்.

விதை விஷயத்தில் பொறுங்கள். எக்கினேசியா பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்காது, பக்கத்துச் செடியிலிருந்து வந்தாக வேண்டும். பத்தடி தூரம் தேனீக்கு ஒன்றுமே இல்லை. 22-ம் 44-ம் சேர்ந்து விதை பிடித்தால் பிறப்பது 33 குரோமோசோம் உள்ள செடி, அது நன்றாகப் பூத்தாலும் விதை ஒழுங்காகப் பிடிக்காது. அதை யாருக்காவது பாலிடா என்று கொடுத்தால் குழப்பம் அவர்கள் தோட்டத்துக்குப் போய்விடும்.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. மொட்டு விரியும் முன்பே ஒரே இனத்தின் சில பூக்களுக்கு மெல்லிய வலைப்பை கட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நீங்களே தூரிகையால் மகரந்தம் மாற்றுங்கள், அதுவும் ஒரே செடியின் இரண்டு பூவாக இல்லாமல் வெவ்வேறு செடியாக இருக்க வேண்டும். பூ முடிந்த பிறகும் பையை அவிழ்க்க வேண்டாம், இல்லையென்றால் கோல்ட்ஃபிஞ்ச் குருவி விதையைத் தின்றுவிடும். கூம்பு நன்றாகக் காய்ந்து கறுத்ததும் எடுத்து, எந்தக் கிளேடிலிருந்து வந்த செடி என்பதையும் பொட்டலத்தில் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர் நவம்பரிலேயே வெளியில் தூவட்டும், குளிர் பட்டால்தான் முளைக்கும்.

சோம்புவாசம்:

கட்டாத மற்றப் பூக்களைக் குருவிக்கே விட்டுவிடுங்கள் அண்ணா. வலைப்பை கட்டியதும் படம் போடுங்கள், நானும் என் பாரடாக்ஸாவுக்கு அதையே செய்யப் போகிறேன்.