அம்மாவின் பட்டன் போனை மாற்றத்தான் வேண்டுமா?

கரிசல்காட்டான்:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது. விளாத்திகுளம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார், நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். 5-ம் நம்பர் பட்டனில் எழுத்தே தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது, பின்மூடி கழன்று கழன்று விழுகிறது என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறார். 2-ஐ அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும், 3-ஐ அழுத்தினால் தங்கச்சிக்கு. அவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

போன மாதம் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஓடிபி கேட்டிருக்கிறார். மெசேஜே வரவில்லை. பார்த்தால் இன்பாக்ஸ் நிறைந்து கிடக்கிறது. லோன் வேண்டுமா, காலர் டியூன் வேண்டுமா, ரீசார்ஜ் முடியப்போகிறது என்று வருஷக்கணக்கில் வந்ததெல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த மாதிரிப் போனில் பழையதை அழித்தால்தான் புதியது உள்ளே வரும், அம்மாவுக்கு அழிக்கத் தெரியாது. தமிழில் வரும் மெசேஜ் எல்லாம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது. கடைசியில் சிலிண்டர்காரரே போனை வாங்கி நாலைந்தை அழித்து, நம்பர் வந்ததும் அவரே படித்து, அவரே போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார். நல்ல மனிதர், பல வருஷப் பழக்கம். ஆனால் அம்மா யார் கேட்டாலும் இப்படித்தான் போனை நீட்டுவார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இன்னொன்று ரீசார்ஜ். அதை நான்தான் இங்கிருந்து போடுவேன். ஜூன் மாதம் நைட் ஷிப்டில் மறந்துவிட்டேன், முதலில் அவுட்கோயிங் போனது, சில நாளில் இன்கமிங்கும் போய்விட்டது. நான் கூப்பிடவில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார், அவர் எடுக்கவில்லை என்று நான் பதறிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு அத்தைக்குப் போன் போட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. "உனக்கு என்னமோ கோவம்னு நெனச்சேன்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை.

மாதாமாதம் நான் போடுவது டேட்டாவோடு வரும் பேக். அந்த டேட்டாவை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை, அந்தப் போனில் தொடவும் முடியாது.

டச் போன் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கேஸ், ரேஷன், பேங்க், ஆதார் எல்லாம் அந்த ஒரே நம்பரில் தொங்குகிறது. வாசலில் அம்மா நிற்கிறார், கையில் புத்தகம் இருக்கிறது, ஆளையும் தெரியும். அப்படியும் ஒரு நம்பர் சொன்னால்தான் சிலிண்டர் என்றால், பட்டன் போன் வைத்திருப்பவர்களை யாராவது நினைத்துப் பார்த்தார்களா? என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாண்டு கடை:

தம்பி, நான் 2006-லிருந்து ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன், அதனால் முதலில் காசு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். டேட்டா இல்லாத பேக் இருக்கிறது. 2024 டிசம்பரில் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், விதியை மாற்றியது. பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் என்று ஒரு பேக்காவது எல்லாக் கம்பெனியும் வைக்க வேண்டும், அப்படிப்பட்ட பேக்குக்கு 90 நாள் என்றிருந்த உச்ச வரம்பை 365 நாளாக ஆக்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2025 ஜனவரியில் வந்தபோது ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469, 365 நாளைக்கு 1849. ஜியோவில் 84 நாளைக்கு 448, 336 நாளைக்கு 1748. ரேட் மாறிக்கொண்டே இருக்கும், போடும் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் இதைப் பெரிதாகக் காட்ட மாட்டார்கள், நீங்கள்தான் "வாய்ஸ் மட்டும்" என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 28 நாள் பேக்கை வருஷத்துக்கு 13 தடவை போட வேண்டும். 199 ரூபாய் பேக் என்றால் 2587 ரூபாய். வருஷ பேக் 1849. மிச்சம் 738. அதைவிட முக்கியம், நீங்கள் மறந்துபோனாலும் லைன் போகாது.

ஆனால் என் கடைக்கு வரும் அம்மாக்கள் யாரும் வருஷ பேக் போடுவதில்லை. 1849 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க அவர்களால் ஆகாது. 200 ரூபாய் நோட்டை மடித்து சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள், "முடிஞ்சிருச்சாம், போட்டு விடுப்பா" என்பார்கள். அந்தக் காலத்தில் 10 ரூபாய் டாப்-அப் போட்டுவிட்டு மிஸ்டு கால் கொடுத்தே மாதக்கணக்கில் ஓட்டியவர்கள்தான் இவர்கள். 2018 கடைசியில் 28 நாளைக்கு 35 ரூபாய் என்று குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்தபோது என்னிடம் சண்டை போட்டார்கள். 2024 ஜூலையில் பெரிய கம்பெனிகளின் 28 நாள் பேக் 189, 199 என்று ஏறியபோது யாரும் சண்டைகூடப் போடவில்லை, பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

உங்களால் முடியும். வருஷ பேக்கைப் போட்டுவிடுங்கள்.

தாமிரபரணிக்கரை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். "அம்மாவுக்குத் தேவையில்லை" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். என் மாமியாருக்கு 71 வயது, அவருக்கு டச் போன் கொடுத்தபோது நானும் இதைத்தான் சொன்னேன். முதல் வாரம் நகத்தால் குத்திக் குத்தி ஒன்றும் திறக்கவில்லை என்று ஓரமாகப் போட்டுவிட்டார். விரல் நுனியை வைத்து மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும் என்று என் மகன்தான் சொல்லிக் கொடுத்தான், தோசைக்கல்லில் சூடு பார்ப்பது மாதிரி என்று. அது பிடிபட்டுவிட்டது. இப்போது மைக்கை அழுத்தித் தமிழில் பேசியே யூடியூப்பில் தேடுகிறார். சாயங்காலம் பேத்தியோடு வீடியோ காலில் பேசவில்லை என்றால் அவருக்குத் தூக்கம் வராது. படிக்கத் தெரியாதவர்களுக்குப் பட்டன் போனைவிட இதுதான் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது, படத்தைப் பார்த்து அழுத்தலாம், குரலை அனுப்பலாம். உங்கள் அம்மா தனியாக இருக்கிறார் என்பதால் இதைச் சொல்கிறேன். முகத்தைப் பார்த்தால் உடம்பு சரியில்லை என்பதை ஒளிக்க முடியாது.

ஒரே ஒரு விஷயத்தில் நாங்கள் கண்டிப்பாக இருந்தோம். பேங்க் நம்பர் பழைய பட்டன் போனிலேயே இருக்கிறது. டச் போனில் வேறு சிம், அதில் ஜிபே, போன்பே எதுவும் கிடையாது. யாராவது போலீஸ் என்று வீடியோ காலில் வந்து மிரட்டினாலும், எதையாவது தொடச் சொல்லி லிங்க் அனுப்பினாலும், எடுப்பதற்கு அந்தப் போனில் பணம் இல்லை. இரண்டு ரீசார்ஜ் ஆகிறது, உண்மைதான். எங்களுக்கு அந்த நிம்மதி வேண்டியிருந்தது.

கவுன்டர் 3:

வங்கியில் வேலை பார்க்கிறேன். ரீசார்ஜ் விட்டுப்போனது பற்றி எழுதியிருந்தீர்கள், அதில் நீங்கள் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. வேலிடிட்டி இல்லாமல் ரொம்ப நாள் கிடந்தால் நம்பரையே துண்டித்துவிடுவார்கள். துண்டித்த நம்பரை 90 நாள் வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் டிராய் சொன்னது. அதற்குப் பிறகு அது வேறொருவர் கைக்குப் போகலாம். போனால் உங்கள் அம்மாவின் கணக்கில் பணம் வந்தது, எடுத்தது எல்லாம் அந்த ஆளுக்கு மெசேஜாகப் போகும்.

இதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பெரியவர் பாஸ்புக் என்ட்ரி போட வந்தார், மெசேஜ் வந்து ஒரு வருஷம் ஆகிறது என்றார். சிஸ்டத்தில் இருக்கும் நம்பரைப் படித்தேன், அது அவர் எப்போதோ விட்டுவிட்ட நம்பர். அங்கேயே கூப்பிட்டோம். எடுத்தது ஒரு கல்லூரிப் பையன். "சார், பணம் வந்துச்சுன்னு எனக்கு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு, யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல" என்றான். அவன் நல்லவனாக இருந்தது அந்தப் பெரியவரின் அதிர்ஷ்டம். அதனால் ஒரு தாளில் அம்மாவின் நம்பர் எங்கெல்லாம் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். நம்பர் மாறினால் முதலில் பேங்குக்கு ஓடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

ஓடிபி பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிஜிட்டல் பணப் பரிமாற்றத்துக்கு எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை, கைரேகை, ஆப் என்று வேறு வழிகளையும் பயன்படுத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் விதி கொண்டுவந்தது, 2026 ஏப்ரல் 1-லிருந்து அமல் என்று தேதியும் வைத்தது. நல்லதுதான். ஆனால் அந்த வேறு வழிகளில் பாதி டச் போனை வைத்து யோசித்தவை. பட்டன் போனுக்கு என்று யுபிஐ 123பே 2022 மார்ச்சில் வந்தது, இப்போது ஒரு தடவைக்கு 10,000 ரூபாய் வரை அனுப்பலாம். எங்கள் கிளையில் அதைப் பற்றிக் கேட்டு இதுவரை ஒருவர்கூட வரவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல் எப்படி வருவார்கள்?

பென்ஷன்காரர்களின் உயிர்ச் சான்றைப் பாருங்கள். 2014-ல் கைரேகை வைத்து டிஜிட்டலாகக் கொடுக்க வழி வந்தது, 2021-ல் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்றானது, 70 ரூபாய் கொடுத்தால் தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுக்கிறார், இது எதுவும் வேண்டாம் என்பவர் கிளைக்கு வந்து தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். ஒரே வேலைக்கு நாலு வாசல். நவம்பர் மாதம் கூட்டம் நெரியும், ஆனால் போன் இல்லை என்பதற்காக யாரையும் நாங்கள் திருப்பி அனுப்புவதில்லை. சிலிண்டருக்கும் ரேஷனுக்கும் இப்படி ஒரு வாசலாவது வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பாதுகாப்புக்காக ஓடிபி என்கிறார்கள், சரி, உங்கள் அம்மா விஷயத்தில் அதைப் படித்தது யார்? அவர் இல்லையே.

இரவு ஷிப்ட்:

மேலே சொன்னதில் எனக்கு உடன்பாடுதான், ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பிரீபெய்டில் 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் பயன்படுத்தவில்லை என்ற காரணத்துக்காக நம்பரைத் துண்டிக்கக் கூடாது என்று 2013-லேயே டிராய் விதி போட்டது. பலருக்குத் தெரியாது. ஆனால் நம்பர் உங்கள் பெயரில் இருப்பது வேறு, அதில் மெசேஜ் வந்து சேருவது வேறு. அந்த 20 ரூபாய் இருந்தால் பேக் இல்லையென்றாலும் நம்பர் உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் ஓடிபி வராது. "இன்கமிங்கும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும், வருஷத்துக்கு 300 ரூபாய்" என்று ஒரு பேக் இருந்தால் போதும் என்று நினைக்கிறேன். கம்பெனிக்கும் டவர் செலவு, அலைக்கற்றைச் செலவு இருக்கிறது, சும்மா கொடு என்று யாரும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு கடை:

300-க்கு அப்படி ஒன்று வந்தால் நான் கடை வாசலில் போர்டே எழுதி வைப்பேன். ஆனால் அவ்வளவு மலிவாகக் கொடுத்தால் மோசடிக்காரர்கள் பை நிறைய சிம் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. ஒருவர் பெயரில் ஒரு சிம்முக்கு மட்டும், 60 வயதுக்கு மேல் என்று வைக்கலாம். அப்புறம் தம்பி, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அம்மா பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதற்கும் ஓடிபி வரும், அதனால் அவர் பக்கத்தில் இருக்கும்போதே பாருங்கள்.

கரிசல்காட்டான்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வருஷ பேக் போட்டாயிற்று. இன்பாக்ஸை அழிக்க அரை மணி நேரம் ஆனது, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசி இருபதை அவரே அழித்தார். சஞ்சார் சாத்தியில் பார்த்தேன், அவர் பெயரில் இரண்டு சிம் காட்டியது. ஒன்று காலமான அப்பா வைத்திருந்தது, மறந்தே போயிருந்தோம். பேங்க் கணக்கில் இருப்பது அம்மாவின் நம்பர்தான், கேஸ் இணைப்பிலும் அதுதான். ரேஷன் கார்டிலும் அதுதான் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் இன்னும் அப்பா நம்பர் இருக்கிறது, அதை மாற்ற வேண்டும்.

டச் போன் பற்றியும் கேட்டேன், தாமிரபரணிக்கரை அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். பேத்தி முகம் பார்க்கலாம் என்றதும் கொஞ்சம் யோசித்தார். "தீபாவளிக்கு வாங்கிட்டு வா, பாப்போம். ஆனா இத எங்கிட்ட இருந்து வாங்கிறாத" என்று பட்டன் போனை மடியில் வைத்துக்கொண்டார். அதனால் இரண்டு போன் என்பது முடிவு.

போனை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று சொன்னதுதான் சண்டையில் முடிந்தது. "சிலிண்டர் கொண்டாற தம்பி திருடனா?" என்று கேட்டுவிட்டார். அவர் நல்லவர்தான் அம்மா, ஆனால் எல்லோரும் அவரைப் போலவா என்று சொல்லியும் மனசு ஆறவில்லை. அப்புறம் எனக்குத் தோன்றியது, அம்மாவுக்கு இங்கிலீஷ்தான் வராது, நம்பர் நன்றாகப் படிப்பார், பஸ் நம்பர், பாஸ்புக் தொகை எல்லாம் அவரே பார்ப்பார். என் போனிலிருந்து நம்பர்களை மட்டும் மெசேஜாக அனுப்பினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். முதல் தடவை 6-ஐயும் 8-ஐயும் குழப்பினார். மூன்றாவது தடவை சரியாகச் சொல்லிவிட்டு, "அடுத்த சிலிண்டருக்கு நானே வாசிச்சுச் சொல்றேன்" என்றார்.

கவுன்டர் 3, ஒரு கேள்வி. அப்பாவின் அந்த சிம்மை மூடிவிட்டால், அம்மா, அப்பா இருவர் பெயரிலும் தனியாக இருக்கும் பழைய கூட்டுக் கணக்கில் ஏதாவது சிக்கல் வருமா?

கவுன்டர் 3:

வரலாம். சிம்மை இப்போதைக்கு மூடாதீர்கள். முதலில் இறப்புச் சான்றிதழோடு அம்மாவைக் கிளைக்கு அழைத்துப் போய் அப்பா பெயரை எடுத்து, அந்தக் கணக்கில் அம்மா நம்பரைப் போடச் சொல்லுங்கள். ஒரு ரூபாய் போட்டு மெசேஜ் அவர் போனுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு சிம்மை மூடலாம்.