டெத் வேலி: கைவிட்ட சுரங்கம் வரை ஓட்டம், யார் வருகிறீர்கள்?

மணல்மேடு:
டிசம்பர் கடைசி வாரம் கலிபோர்னியாவின் பாலைவனத் தேசியப் பூங்காவான டெத் வேலி போகிறோம். முதல் நாள் கீன் வொண்டர். பழைய தங்கச் சுரங்கம். தாது இறக்க 1907 வாக்கில் கட்டிய கம்பிவடப் பாதையின் மரக் கோபுரங்கள் இன்னும் மலைச்சரிவில் நிற்கின்றன. 2008இல் பாதுகாப்புக் காரணமாக மூடினார்கள், 2017இல் திறந்துவிட்டார்கள். தூரம் குறைவு, ஆனால் அதற்குள் 450 மீட்டர் ஏற்றம். காலை ஓட்டத்துக்கு அளவான வேலை.

இரண்டாம் நாள்தான் என் ஆசை. பூங்காக் கையேட்டில் இல்லாத ஒரு சுரங்கம். பழைய நிலவரைபடத்தில் பாதி கறுத்த சின்னச் சதுரமும், பக்கத்தில் ஒய் வடிவக் குறி ஒன்றும் இருக்கின்றன. போக வர 22 கிலோமீட்டர், பெரும்பகுதி காட்டாற்றுப் படுகை. உள்ளே கொஞ்ச தூரம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பாதையைப் பதிவு செய்து ஜிபிஎக்ஸ் கோப்பை (கைக்கடிகாரத்திலோ போனிலோ போட்டால் அதே பாதையைக் காட்டும் கோப்பு) இங்கேயே ஏற்றுகிறேன்.

சுடர்க்கொடி:
முதல் நாளுக்கு நான் வருகிறேன். இரண்டாம் நாளுக்கு என் ஓட்டு எதிர்ப்பு.

அந்தப் பாதி கறுத்த சதுரம் செங்குத்தாக இறங்கும் குழி. ஒய் குறி மலைக்குள் கிடைமட்டமாகப் போகும் வாய். இரண்டும் பக்கத்தில் இருந்தால் உள்ளே எங்கோ சேர்ந்திருக்கவும் கூடும். வரைபடத்தில் ஒரு குழி போட்டிருக்கிறார்கள் என்பதற்காக அங்கே ஒன்றுதான் இருக்கும் என்று நம்ப முடியாது. தாது தேடியவர்கள் ஆங்காங்கே தோண்டிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போனார்கள். கலிபோர்னியாவில் மட்டும் கைவிட்ட சுரங்கங்கள் சுமார் 47,000 என்பது மாநில அரசின் மதிப்பீடு.

பழையசெருப்பு:
பாலைவனம் என்றாலே பயமுறுத்த ஆரம்பித்துவிடுகிறீர்கள். டெத் வேலியில் அதிகம் பேர் சாவது கார் கவிழ்ந்துதான், அதைப் பூங்கா நிர்வாகமே சொல்கிறது. நீங்கள் பயப்பட வேண்டியது அங்கே போய்ச் சேரும் சாலைக்கு. ஜூலை வெயிலிலேயே அங்கே பேட்வாட்டர் 135 என்ற நெடுந்தூரப் போட்டி ஓடுகிறார்கள். கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே தொடங்கி 217 கிலோமீட்டர். டிசம்பரில் 22 கிலோமீட்டர் ஒரு பேச்சா?

சுடர்க்கொடி:
காரில் போகிறவர்கள் லட்சக்கணக்கில். பழைய சுரங்கத்துக்குள் நுழைகிறவர்கள் எத்தனை பேர்? இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அப்புறம், பேட்வாட்டர் தார்ச் சாலையில் நடக்கும் போட்டி, ஒவ்வொருவருக்கும் உதவி வண்டி உண்டு. இவர் போவது செல்போன் சிக்னலே கிடைக்காத படுகைக்கு.

நீர்க்குடம்:
வெயில் இல்லை என்பதால் ஆளுக்கு அரை லிட்டர் குப்பியோடு கிளம்பிவிடாதீர்கள். வறண்ட காற்றில் வியர்வை உடனுக்குடன் ஆவியாகிவிடும், சட்டை நனையாது, எவ்வளவு இழந்தோம் என்றே தெரியாது. நாளுக்கு நாலு லிட்டர் என்பது பூங்காவின் பொதுவான அறிவுரை. நான் இரண்டரை லிட்டர் முதுகில், மீதி காரில் என்று வைப்பேன்.

பழையசெருப்பு:
தண்ணீர் தண்ணீர் என்று ஊற்றிக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் இருக்கும் அந்த உப்பு நீர்த்துவிடும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

நீர்க்குடம்:
குடிப்பது தாகத்துக்கு, சரி. சுமப்பது கால் சுளுக்கி மூன்று மணி நேரம் உட்கார வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு. இரண்டும் வேறு கணக்கு.

மணல்மேடு:
வெயில், தண்ணீர் எல்லாம் யோசித்தாயிற்று. நான் கேட்பது ஒன்றுதான். வாசலில் இருந்து இருபது அடி உள்ளே போவதில் என்ன வந்துவிடும்? கயிறு கட்டிக் குழியில் இறங்கப் போவதில்லையே.

சுடர்க்கொடி:
அந்த இருபது அடியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

சுரங்கத் தரையிலேயே கீழ்நோக்கிக் குழி வெட்டி அடுத்த மட்டத்துக்கு இறங்குவது அந்தக் கால வழக்கம். ஆள் நடமாட அதன்மேல் பலகை போடுவார்கள். நூறு வருடத் தூசியும் சல்லியும் அந்தப் பலகையை மூடியிருக்கும். வெளியே கண் கூசும் வெயிலில் இருந்து வந்து ஹெட்லாம்பைப் போட்டால் அது தரையாகத்தான் தெரியும். கால் வைத்த பிறகுதான் பலகை மக்கிப்போனது தெரியும்.

அடுத்து காற்று. வெளியில் ஆக்சிஜன் 21 சதவீதம். உள்ளே மர முட்டுகள் மட்குவதும், கந்தகம் கலந்த தாது காற்றோடு வினைபுரிவதும் அதைத் தின்றுவிடும். கரியமில வாயு கனமானது, பள்ளத்தில் தேங்கும். ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மூச்சு முட்டுகிறதே என்று உணர்வதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். அதிலும் 11 கிலோமீட்டர் ஓடி வந்து மூச்சிரைக்க நிற்கிறவர் இழுக்கும் காற்று, நடந்து வந்தவர் இழுப்பதைவிடப் பல மடங்கு. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் உள்ளே ஓடுவார். இப்படி இரண்டாவது ஆள் சாவது சுரங்க விபத்துகளில் பழைய கதை.

இரவாடி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். டிசம்பர் என்றால் வௌவால்கள் உறங்கும் காலம். டவுன்சென்ட் நீள்காது வௌவால் அந்தப் பக்கத்துப் பழைய சுரங்கங்களில் குளிர்காலத்தைக் கழிக்கும். வெளிச்சமும் பேச்சும் பட்டு எழுந்தால், வசந்தம் வரை தாங்க வேண்டிய கொழுப்பு வீணாய்ப் போகும். இடையில் சாப்பிடப் பூச்சியும் கிடைக்காது. சில சுரங்க வாய்களில் கிடைமட்டக் கம்பிகள் போட்ட கதவு பார்த்திருப்பீர்கள். ஆள் போகக்கூடாது, வௌவால் போகலாம் என்பதற்காக அந்த இடைவெளி.

அதனால் ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்றவே ஏற்றாதீர்கள். நீங்கள் ஒழுங்காக வெளியே நின்றுவிட்டு வரலாம். கோப்பை இறக்குகிற ஐம்பதாவது ஆள் நிற்பார் என்று என்ன நிச்சயம்?

பழையசெருப்பு:
இது எனக்குப் பிடிக்காத வாதம். வரைபடம் பொதுச் சொத்து, நிலமும் பொது நிலம். குறி அதில் அச்சாகியே இருக்கிறது. நாலு பேர் ஓடிப் பார்த்து, இங்கே மணல் புதையும், இந்த வளைவில் குழி இருக்கிறது என்று எழுதி வைத்தால் அடுத்தவருக்குப் பாதுகாப்பு. தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டால், தெரியாதவர்கள் போகாமலா இருப்பார்கள்? போய்க் குழியில்தான் விழுவார்கள்.

இரவாடி:
எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்தை ஆட்கள் படித்து யோசிக்கிறார்கள். பாதைக் கோடு என்றால் யோசிக்காமல் பின்தொடர்கிறார்கள். கைக்கடிகாரம் திரும்பு என்றால் திரும்புகிற கூட்டம் நாம்.

நீர்க்குடம்:
வரைபடத்தைப் பற்றி இன்னொன்று. 2023 ஆகஸ்டு 20இல் ஹிலாரி புயல் அங்கே ஒரே நாளில் 56 மில்லிமீட்டர் கொட்டியது. ஒரு வருடத்துக்கே அவ்வளவுதான் பெய்யும். பூங்காவை ஏறக்குறைய இரண்டு மாதம் மூட வேண்டியிருந்தது. வெள்ளம் பல படுகைகளை அறுத்துக் கரையைத் தள்ளிப் போட்டது. மணல்மேடு, உங்கள் வரைபடத்தின் வயது என்ன?

மணல்மேடு:
வரைபடம் பழசுதான். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டேன், படுகை பெரிதாக மாறவில்லை. சரி, உள்ளே போகும் யோசனையைக் கைவிடுகிறேன். வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம்.

சுடர்க்கொடி:
இந்தத் "தொட்டுவிட்டு" என்பதுதான் எனக்கு உதைக்கிறது. ஓட்டக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. முனையைத் தொடாவிட்டால் ஓடியதே கணக்கில் சேராது. 1994இல் சகாரா பாலைவனத்தில் நடந்த மாரத்தான் தே சாப்ல் போட்டியில் மௌரோ ப்ரோஸ்பெரி என்ற இத்தாலிய ஓட்டக்காரர் மணல்புயலில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். ஒரு வாரத்துக்கும் மேலாகக் காணாமல் போய் அல்ஜீரியாவில் கிடைத்தார். இரவாடி கோபித்துக்கொள்ளக் கூடாது, உயிர் பிழைக்க அவர் வௌவால் ரத்தம் குடித்தார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சுரங்க வாய்க்கு முன்னால் இருப்பது கழிவுக் கல் மேடு. ஏறும்போது சரியும், இறங்கும்போது இன்னும் மோசம். வாயின் மேல்விளிம்புதான் வெயிலும் மழையும் பட்டு இளகிய பாறை. தாது அரைத்த இடம் இருந்தால் அந்த மாவு போன்ற மண்ணில் கால் வைக்காதீர்கள், தங்கம் பிரிக்கப் பாதரசமும் சயனைடும் புழங்கிய காலம் அது. எதிர்க்கரையில் நின்று பார்த்தால் சுரங்கம் முழுசாகவே தெரியும்.

பழையசெருப்பு:
எதிர்க்கரையில் நின்று பார்க்க 22 கிலோமீட்டர் ஓட வேண்டுமா? வீட்டில் படம் பார்க்கலாம்.

மணல்மேடு:
ஓடுவதற்குத்தானே போகிறோம் அண்ணே. திட்டம் இதுதான். காலை 7 மணிக்குக் கிளம்புகிறோம், நாலு பேருக்குக் குறையாமல். செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது. எப்போது திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுவோம். மாலை நாலே முக்காலுக்குள் சூரியன் போய்விடும், மலை நிழல் அதற்கும் முன்னால் விழும். அதனால் 11 மணி அடித்தால் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம். கோப்பை ஏற்றுவது பற்றி இன்னும் யோசிக்கிறேன், பழையசெருப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சுடர்க்கொடி:
11 மணிக்குச் சுரங்கம் 300 மீட்டரில் கண்ணுக்குத் தெரிந்தால்?

மணல்மேடு:
300 மீட்டர்தானே, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

சுடர்க்கொடி:
அப்படியென்றால் எனக்கு முதல் நாள் மட்டும் இடம் போடுங்கள். கீன் வொண்டரில் சந்திப்போம்.